கையால் கழற்ற மாட்டேன்

எழுபதுகளின் பிற்பகுதியில், காரைக்காலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். பாண்டிச்சேரியில் லேப் டெக்னீஷியன் பயிற்சி முடித்த கையோடு கிடைத்த வேலை. விழிதியூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வயலில் நின்றபடியே போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கு" என்பார். கேட்டவர்கள் பதறிப்போய், எனக்கு என்ன உடம்புக்கு என்று விசாரிப்பார்கள்.

சேர்ந்த சில வாரங்களிலேயே என் இடது கட்டைவிரலில் ஊசி ஏறியது. காய்ச்சலோடு வந்த ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்த ஊசி. குழாயடியில் விரலைப் பிதுக்கிக் கழுவி, ஸ்பிரிட் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றேன். தலைமை நர்ஸ் வந்து பார்த்தார். நாங்கள் எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணம் செய்துகொள்ளாதவர், மாதா கோயிலுக்குப் போகாமல் ஒரு நாளும் வேலைக்கு வராதவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. "புதுசுல எல்லாருக்கும் குத்தும். கை பழகிட்டா சரியாயிடும். கவனக்குறைவா இருக்காத" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் நம்பினேன். என் மேல் எனக்கே வெட்கமாக இருந்தது.

இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த ஊசிகளைச் சொன்னால் புரியாது. கண்ணாடி சிரிஞ்ச், எஃகு ஊசி. ஒருவருக்குப் போட்டதைத் தூக்கி எறிகிற பழக்கமே கிடையாது. கழுவி, கொதிக்கவைத்து, அடுத்தவருக்கு. ரத்தம் எடுத்ததும் ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் ரத்தத்தைச் சோதனைக் குழாயில் விடவேண்டும். ஊசியோ சிரிஞ்சின் மூக்கில் இறுகிப் பிடித்திருக்கும். இரண்டு விரலால் அதன் கழுத்தைப் பிடித்துத் திருகி இழுத்தால் வெடுக்கென்று வரும். வருகிற வேகத்தில் கை எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. கழற்றியவை ஒரு பீங்கான் கிண்ணத்தில் சேரும். அதை ஆயா எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றாகக் கையில் பிடித்து, துளைக்குள் மெல்லிய கம்பியை விட்டு அடைப்பெடுத்துக் கழுவுவார். பிறகு முனையைக் கல்லில் தீட்டி, பஞ்சில் இழுத்துப் பார்ப்பார். பஞ்சு நூல் மாட்டினால் முனை இன்னும் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி கல்.

அந்த ஆயா கோட்டுச்சேரிமேட்டுக்காரர். வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். எனக்கும் அவருக்கும் பதினைந்து வயதாவது வித்தியாசம் இருக்கும். நான் அக்கா என்பேன், அவர் என்னைப் பாப்பா என்பார். ஊசிக்குப் பயந்து துள்ளுகிற குழந்தையின் கையை அவர் ஒரு பிடி பிடித்தால் குழந்தை தானாக அழுகையை நிறுத்திவிடும். ஒரு மத்தியானம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டபோது அவருடைய விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுத்துக் கிடந்தன. எத்தனையோ வருஷமாக இந்த வேலை செய்கிறவர். கை பழகினால் குத்தாது என்றால் இந்த விரல்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று அன்றைக்குத்தான் எனக்குள் முதல் கேள்வி வந்தது. அவரிடமே கேட்டேன். "வீட்டுல மீன் முள்ளு குத்துது, இங்க ஊசி குத்துது. இதுக்கெல்லாமா பாப்பா?" என்றார். மீன் முள்ளில் அடுத்த மனுஷருடைய ரத்தம் இல்லையே அக்கா என்றேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

ஒரு மழைக்காலத்தில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மீன் பொரிக்கிற வாடையே ஆகவில்லை, குமட்டுகிறது என்றார். மீனிலேயே பிறந்து வளர்ந்தவர் அப்படிச் சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. சில நாளில் கண் மஞ்சளாகிவிட்டது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பாயோடு பாயாகக் கிடந்தார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தலையணையில் முகம் மஞ்சள் பூசியது போல இருந்தது. மழைக்கு முந்தி, மஞ்சள் கண்ணோடு வந்த ஒரு ஆளுக்கு நான் ரத்தம் எடுத்ததும், அந்த ஊசியைக் கழுவும்போது அக்கா 'ஸ்' என்று கையை உதறியதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காமாலையில் ரத்தத்தின் வழியாக வருகிற வகை ஒன்று உண்டு என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குத்தி இரண்டு மூன்று மாதம் கழித்துக்கூட அது தலைகாட்டும்.

இதைப் போய் டாக்டரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரியே அவருடையதுதான். காமாலை ஊரெல்லாம் இருக்கிறது, குடிக்கிற தண்ணீரில் வருகிறது, ஊசியில்தான் வந்தது என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டார். அதோடு விட்டிருக்கலாம். "அப்படியே குத்தியிருந்தாலும் அது அந்தப் பொம்பளையோட கவனக்குறைவு" என்றார்.

நான் அறைக்குத் திரும்பி, கிண்ணத்தில் கிடந்த ஊசிகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றேன். ரோட்டில் பள்ளம் இருக்கிறது, விழுகிறவர்களெல்லாம் கவனக்குறைவானவர்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பள்ளத்தை யார் மூடுவது? மறுநாள் காலை எல்லோரும் இருக்கும்போதே சொன்னேன்.

"டாக்டர், இனிமே ஊசிய நான் கையால கழட்ட மாட்டேன்."

"பின்ன எதால கழட்டுவ? காலாலயா?"

நர்சுகள் சிரித்தார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.  ஆனால் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

முதலில் இடுக்கியால் கழற்றிப் பார்த்தேன். பிடி வழுக்கி ஊசி துள்ளியது. ஒருமுறை ஜன்னல் கம்பியில் பட்டுத் தெறித்தது. விரலை விட இது மோசம். வழி கிடைத்தது வீட்டில், தலை வாரும்போது. எங்கள் வீட்டுக் கண்ணாடியின் முதுகில் ஒரு தகடு உண்டு. மேலே வட்டத் துளை, அதிலிருந்து கீழே ஒரு குறுகலான வெட்டு. வட்டத்தில் ஆணியின் தலை நுழையும், வெட்டுக்குள் நழுவினால் தலை மாட்டிக்கொள்ளும், இழுத்தாலும் வராது. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அந்த வெட்டையே பார்த்தேன். ஆணிக்குப் பதில் ஊசியின் கழுத்து. தகடு ஊசியைப் பிடித்துக்கொள்ளும், நான் சிரிஞ்சை மட்டும் ஒரு கையால் இழுத்தால் போதும். ஊசி அங்கேயே கீழே விழுந்துவிடும். அம்மா வந்து, முகத்தைப் பார்க்காமல் முதுகைப் பார்க்கிறாயே என்று கேட்டார்.

கடைத்தெரு முனையில் ஒரு பாய் தகரக்கடை வைத்திருந்தார். புனல், மண்ணெண்ணெய் அளக்கிற குவளை, கோழிக்குத் தண்ணீர்த் தட்டு எல்லாம் பற்றவைத்துத் தருவார். உடைந்த சிரிஞ்ச் ஒன்றையும் வேகவைத்த ஊசி ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனேன். நான் சொல்லச் சொல்ல, சிரிஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள விழுந்தது திரும்ப வெளிய வரப்படாது. அவ்வளவுதானே தங்கச்சி?"

"அதோட, என் இன்னொரு கை ஊசி பக்கத்துலயே வரக்கூடாது பாய்."

முதலில் ஒரு பால்பவுடர் டின்னின் மூடியிலேயே வெட்டுப் போட்டுத் தந்தார். மெல்லிய தகரம். இழுத்ததும் மூடி வளைந்து, ஊசி எகிறி என் புடவையில் வந்து குத்தி நின்றது. நல்லவேளை, சிரிஞ்சில் ரத்தத்துக்குப் பதில் தண்ணீர் வைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்த மூடியைக் கனமான பீப்பாய்த் தகட்டில் வெட்டினார்; உறுதியாக இருந்தது, ஆனால் வெட்டு அகலம், கழுத்து மாட்டவில்லை. மூன்றாவதற்கு அவர் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ராவுவதும் மாட்டிப் பார்ப்பதுமாக ஒரு சாயங்காலத்தையே அதில் போக்கினார். கடைசியில் 'டக்' என்ற சத்தத்தோடு ஊசி உள்ளே விழுந்தபோது, கடைக்குப் புனல் வாங்க வந்திருந்த அம்மாள் ஒருவர் இது என்ன, எலிப்பொறியா என்று கேட்டார்.

டின்னுக்குள் பாதி வரை, கிருமி கொல்ல லைசால் கலந்த தண்ணீர். அதற்குள் துளைகள் போட்ட ஒரு குவளை. அதைத் தூக்கினால் ஊசிகள் மொத்தமாக வந்துவிடும், விரல் விட்டு எடுக்க வேண்டாம். ரத்தம் உறைந்து துளை அடைக்காமல் இருக்க, கழற்றுவதற்கு முன்பே குளிர்ந்த தண்ணீரை ஒருமுறை இழுத்துத் தள்ள வேண்டியிருந்தது. அதற்கு, ரத்தத்தைக் குழாயில் விடுகிற முறையையே மாற்றிக்கொண்டேன். ஊசியோடேயே, குழாயின் பக்கவாட்டில் மெதுவாக விடப் பழகினேன். குழாயைக் கையில் பிடிக்காமல் கட்டையில் நிறுத்திவைத்தேன். அப்படியும் அடைத்துக்கொண்ட ஊசியைக் கம்பி விட்டுக் குத்தாமல் தூக்கிப் போட்டேன். சிஸ்டருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. ஊசியைத் தூக்கி எறிய நீ யார் என்றார். புதிதாக வந்த ஆயாவிடம், கிண்ணத்தில் போட்டுக் கழுவு என்றார்.

டாக்டர் பார்த்தது சில நாள் கழித்து. மேஜை மேல் பால்பவுடர் டின், அதில் குண்டுக் குழந்தை ஒன்று சிரித்துக்கொண்டிருக்கிறது. வந்திருக்கிறவர்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள், இது ஆஸ்பத்திரியா தகரக்கடையா என்று சத்தம் போட்டார். மறுநாள் காலை நான் வந்தபோது டின் இல்லை. சாமான் அறையில் வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார்கள்.

பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தார்கள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். ஒருவரையும் கூப்பிடவில்லை. டாக்டர் வந்தார்.

"ஏம்மா, ரத்தம் எடுக்கலையா?"

"டின் வந்தா எடுக்குறேன் டாக்டர்."

"எனக்கே நிபந்தனை போடுறியா?"

"உங்களுக்கு இல்ல டாக்டர். என் கைக்கு நான் போட்டுக்கிட்டது."

அவர் குரல் உயரவில்லை. அப்படியானால் வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் எழுந்து பையை எடுத்தேன்.  பெஞ்சில் இருந்தவர்களுக்குத் தெரியாதபடி மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"போறேன். ஆனா அந்த அக்காவுக்குக் கண்ணு மஞ்சளானது கவனக்குறைவாலன்னு மட்டும் இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

பஸ்ஸில் வரும்போதுதான் அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

அப்பா நம்பவே இல்லை. ஒரு பால் டின்னுக்காகவா வேலையை விட்டாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு பேச்சையே நிறுத்திவிட்டார். வயலுக்குக் கஞ்சி எடுத்துப் போனபோது அவர் பூச்சிமருந்து கலக்கிக்கொண்டிருந்தார், ஒரு நீளக் குச்சியால். "அதை ஏன் கையால கலக்கல நீங்க?" என்று கேட்டேன். குச்சி ஒரு கணம் நின்றது.  அன்று இரவு என் தட்டுக்கு அவரே மோர் ஊற்றினார்.

அக்கா தேறி எழுந்துவிட்டார், பாதி உடம்பாக. ஆஸ்பத்திரியில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது, இனி வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்ட பிறகு, நான் வேறு ஊரில் வேலை தேடலாம் என்று இருந்த எண்ணத்தையும் விட்டேன். அங்கேயேதான் திரும்பப் போகவேண்டும், அவரோடுதான் போகவேண்டும் என்று மனசுக்குள் ஒரு பிடிவாதம் வந்து உட்கார்ந்துகொண்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த வெள்ளைப் புடவையோடு, குடை பிடித்துக்கொண்டு வரப்பு வழியாக சிஸ்டர் வந்தார். எங்கள் வீட்டில் யாருக்கும் கை கால் ஓடவில்லை. அம்மா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, மற்றவர்கள் உள்ளே போகும்வரை காத்திருந்தார். நான் போனபின் ரத்தம் எடுக்கிற வேலை அவர் தலையில்தான் விழுந்தது என்று எனக்குத் தெரியும். வலது ஆள்காட்டி விரலை என் முன்னால் நீட்டினார். புதுக் குத்து.

"எனக்குக் குத்தினது இது முதல் தடவையில்ல. இத்தனை வருஷத்துல எத்தனையோ. ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். "சொன்னா, சிஸ்டருக்கே வேலை தெரியலம்பாங்க. உனக்குச் சொன்னேனே, கை பழகிடும்னு. எனக்கே பழகல."

 சாமான் அறைச் சாவியை வாங்கி, டின்னைத் தானே எடுத்துவந்து மேஜையில் வைத்துவிட்டதாகவும், டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டதாகவும் சொன்னார். நாளைக்கு வந்து சேர்ந்துகொள் என்றார்.

"அக்காவும் வரணும் சிஸ்டர்."

"கேட்டுப் பாக்குறேன்."

"கேட்டுப் பாக்க வேணாம். அவங்க வந்தாத்தான் நான் வருவேன்."

என்னையே பார்த்தார். "உனக்குத் திமிரு ரொம்ப அதிகம்" என்றார்.

"ஆமா சிஸ்டர்."

அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை.

இரண்டு பேரும் ஒரே காலையில் போய்ச் சேர்ந்தோம். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, டின் இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் வருகிறவர்கள் கண்ணில் படாமல் மேஜைக்கு அடியில் வைத்துக்கொள் என்றார். அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. திறந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தால், பக்கத்தில் நிற்கிறவர் முழங்காலில் குத்திவிடும் என்றேன். என்னவோ செய் என்று கையை ஆட்டினார். குழந்தைப் படம் மட்டும் தெரியாதபடி பாய் டின்னுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். டாக்டரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஒரு புயலின்போது மூன்று நாள் வீட்டுக்கே போகாமல் நின்று வைத்தியம் பார்த்தவர். ஆனால் தன் ஆஸ்பத்திரியில் ஒரு தப்பு இருக்கக்கூடும் என்பதை மட்டும் அவரால் வாயால் சொல்ல முடியாது. அவர் சொல்லவும் இல்லை, நான் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

எண்பதுகளில் ஒருமுறை போட்டு எறிகிற ஊசிகள் கொஞ்சம் கொஞ்சமாக வரத் தொடங்கின. எல்லாம் தீர்ந்தது என்று நினைத்தோம். அவை பிளாஸ்டிக் மூடியோடு வந்தன. ரத்தம் எடுத்ததும் ஊசியை மறுபடி மூடியில் செருகவேண்டும் என்று பழக்கினார்கள். ஒரு கையில் ஊசி, ஒரு கையில் சின்ன மூடி, இரண்டையும் எதிரெதிரே கொண்டுவருவது. பழைய கதைதான், சட்டை மட்டும் புதுசு. புதிதாக வந்த நர்ஸ் பெண்களுக்கு மூடி பிடிக்கிற கையில் குத்தத் தொடங்கியது. நான் மூடிகளைப் பிரித்ததுமே குப்பையில் போட்டேன். மூடி கையில் இருந்தால்தானே செருகத் தோன்றும்? மூடாமல் நேராக டின்னில் போடு என்றேன். விதிமுறை அப்படி இல்லை என்றார்கள். அந்த விதிமுறையை எழுதினவர் வந்து என் முன்னால் இருநூறு பேருக்கு மூடிக் காட்டட்டும் என்றேன். யாரும் வரவில்லை.

அதற்கிடையில் அக்கா போய்விட்டார். காமாலை விட்டது என்றுதான் நினைத்திருந்தோம், உள்ளேயே இருந்திருக்கிறது. வயிறு வீங்கி, கால் வீங்கி, ரத்தமாக வாந்தியெடுத்து, கோட்டுச்சேரிமேட்டிலேயே இறந்தார். சாவுக்கு வந்தவர்கள் ஈரல் கெட்டுப்போச்சு என்று பேசிக்கொண்டார்கள். குடிப்பழக்கம் உண்டா என்று ஒருவர் கேட்டதாகக் கேள்விப்பட்டேன். இல்லை. அந்த அம்மாள் வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஊசிதான். எந்தக் காகிதத்திலும் அது இல்லை, என்னால் நிரூபிக்கவும் முடியாது. நான் சொல்வேன், யார் கேட்டாலும் சொல்வேன்.

எண்பதுகளின் கடைசியில் புதிய நோய் ஒன்றைப் பற்றிப் பேச்சு வந்தது. ரத்தத்தில் வருமாம், வந்தால் பிழைக்க முடியாதாம். அதுவரை கையுறை கேட்டால் கிடைக்காத இடத்தில் ஒரே நாளில் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. அந்தச் சமயத்தில் கப்பலில் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர் விடாத காய்ச்சலோடு வந்தார். வயது முப்பதுக்குள். மெலிந்து, கண் குழிந்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கப்பல்காரர், வெளிநாட்டுத் துறைமுகம், மெலிவு. அது போதுமானதாக இருந்தது. நர்ஸ் பெண்கள் ஒவ்வொருவராக அறையை விட்டு வெளியே போனார்கள். எல்லோரிலும் சின்னவள் வாசலில் நின்று, அவரைப் பெரிய ஊருக்கு அனுப்பிவிடலாமே என்று என்னிடம் கிசுகிசுத்தாள். அது அவர் காதிலும் விழுந்தது. அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு அக்காவின் முகம் ஞாபகம் வந்தது. அவர் நோயாளியைப் பார்த்து ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நான் இத்தனை வருஷம் சண்டை போட்டது ஊசியோடு. அந்தச் சண்டையைக் கொண்டுபோய் இந்த மனுஷர் மேல் காட்ட விடமாட்டேன் என்று தோன்றியது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். கையுறை போட்டுக்கொண்டு, அவர் கையில் ரப்பர் குழாயைக் கட்டினேன். நரம்பு மெல்லியதாக இருந்தது, தடவித்தான் கண்டுபிடித்தேன். எடுத்து முடித்து ஊசியை டின்னில் போட்டுவிட்டு, பஞ்சை வைத்து முழங்கையை நானே மடித்துப் பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவிதான் கேட்டார்.

"உங்களுக்கு பயமா இல்லையாங்க?"

"ஊசின்னா பயந்தான்மா. அதான் பத்திரமா போட்டுட்டேன். இவரைப் பாத்து எதுக்குப் பயப்படணும்?"

அவருக்கு வந்திருந்தது டைபாய்டு. தெரிந்ததும் வார்டில் எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. வேறு நோயாக இருந்திருந்தாலும் அவர் அதே நாற்காலியில் உட்கார வேண்டியவர்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். 

காய்ச்சல் இறங்கிய பின் அவருக்கு இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டியிருந்தது. நான் ரப்பர் குழாயை எடுத்தேன். வாசலில் நின்று கிசுகிசுத்த அந்தச் சின்ன நர்ஸ் வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். அவர் முன்னால் போய் நின்று, "அண்ணே, கைய நீட்டுங்க" என்றாள்.